கடலம்மாவிடம் சொன்ன விலாசம்

யோகோதே
செப்டம்பர் 4

அன்புத் தங்கை ஹருயோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். வெள்ளரிக்கொடி காய்ந்துவிட்டது, வயல் தவளைகளின் சத்தம் அடங்கிவிட்டது, என் இடுப்பு வலி மட்டும் அடங்கவில்லை. போன குளிர்காலத்தில் கூரைப் பனியை அள்ளும்போது பிடித்த பிடிப்பு இது. கோடை முழுக்க என்னோடு குடித்தனம் நடத்திவிட்டது. நீ நன்றாகத்தான் இருப்பாய். வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் நீயே எழுதுகிறாயே.

ஓபோன் பண்டிகைக்கு வழக்கம்போல வாசலில் விளக்கு வைத்தேன். அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டுப் போனார்கள். செத்துப்போனவர்களுக்கே வீட்டுக்கு வழி தெரிகிறது. உயிரோடு இருக்கிற உனக்குத்தான் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். செய்ஜி போனதும், "முதல் வருடச் சடங்கு முடியட்டும், வந்துவிடுகிறேன்" என்றாய். பிறகு மூன்றாம் வருடச் சடங்கு என்றாய். அதுவும் ஜூன் மாதமே முடிந்துவிட்டது. புருஷனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை, அதனால் முப்பது வருடம் கடல் தாண்டிக் காவ்சியுங்கில் இருந்தாய். நியாயம். இப்போது அவரும் இல்லை, பட்டறைக்காரர்களும் உன்னைப் பிடித்து வைக்கவில்லை. பிறகு யாருக்காக அங்கே இருக்கிறாய்?

நம் சித்தப்பாவின் பேரன் யூதாகா பஸ் ஓட்டுகிறானே, அவனுக்கு இந்த ஊர் டிப்போவுக்கு மாற்றலாகியிருக்கிறது. உன் அறையை வாடகைக்குக் கேட்கிறான். நவம்பர் ஆரம்பம் வரை பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வருவதாக இருந்தால் அவனுக்கு இல்லை. உன் முடிவு தெரிய வேண்டும்.

"இந்த ஊர் நல்லா இருக்கு அக்கா" என்று ஒற்றை வரி எழுதித் தப்பித்துக்கொள்ளாதே. போனிலும் சொல்லாதே, என் காதுக்கு உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மத்தியானம் நாய்கூட நிழலை விட்டு நகராத நேரத்தில் நீ குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாயாமே. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? ஒரே ஒரு மத்தியானத்தை முழுசாக எழுது. என் தங்கையை எது பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்கும் தெரியட்டும்.

உன் அறையைத் துடைத்துப் பாய் விரித்து வைத்திருக்கும் அக்கா,
நோபுகோ


காவ்சியுங்
செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சிரித்தேன். மறுநாள் படித்தபோது கொஞ்சம் அழுதேன். செத்தவர்களுக்கு வழி தெரிகிறது என்று எழுத உன்னால்தான் முடியும்.

சரி, கேட்டதை எழுதுகிறேன். நேற்றைய மத்தியானத்தையே எழுதிவிடுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் வீடு அனலாகிவிடும். மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி, கேட்க வேண்டுமா? அதோடு செய்ஜியின் நாற்காலி வேறு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். ஆரம்பத்தில் அந்த நாற்காலிக்குப் பயந்து நடந்தேன் என்பது உண்மைதான். இப்போது அப்படி இல்லை. சாப்பிடும்போதே கால் பரபரக்கிறது.

எங்கள் யென்செங் பேட்டையில் வெயிலில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா வீடுகளின் மாடியும் தூண் வைத்துத் தெருப் பக்கம் நீண்டிருக்கும். கீழே தெரு முழுக்க ஒரே நிழல் தாழ்வாரம். ஆனால் ஒருவர் தன் வாசலை ஒரு சாண் உயர்த்திக் கட்டியிருப்பார், அடுத்தவர் பள்ளமாக விட்டிருப்பார். ஏறி இறங்கி, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நுழைந்து, காயப்போட்ட துணிக்குக் கீழே குனிந்து போக வேண்டும். கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கிவிட்டுச் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குவார்கள். தொலைக்காட்சி தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். யார் வீட்டுத் தின்பண்டத்தை யாரும் தொட மாட்டார்கள். ஊர் முழுக்கத் தூங்கும்போது அதன் நடுவில் நடந்து போக ஒரு வெளியூர்க்காரியை விட்டிருக்கிறார்களே, அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

திருகாணி, பூட்டு விற்கிற தெருவில் மட்டும் இரண்டு பேர் விழித்திருப்பார்கள். ஒருவர் பூட்டுக்கடை ஹோங், இன்னொருவர் அவரைத் தினமும் சதுரங்கத்தில் ஜெயிக்கிற அவருடைய சகலை. ஹோங் என்னைப் பார்த்ததும் காயை வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஜப்பான் அக்கா, இந்த வேகாத வெயில்ல வெளிய வர்ற ஆளு ரெண்டே பேரு. ஒண்ணு தபால்காரன், இன்னொண்ணு நீ. அவனுக்காவது சம்பளம் குடுக்கறாங்க."

"நீங்க தோக்கறதப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

சகலை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் விழித்துக்கொண்டார். "சாப்பிட்டாச்சா?" என்று தூக்கக் கலக்கத்திலேயே என்னைக் கேட்டார். இங்கே பார்த்ததும் முதலில் கேட்பது அதுதான். ஆச்சு என்றதும் மறுபடி தூங்கிப்போனார்.

தெருக் கோடியில் சியுலானின் பழக்கடை. உனக்கு இவளைப் பற்றி எழுதியிருக்கிறேன், பப்பாளியைப் பாலோடு அடித்துத் தருகிறவள். என் வயதுதான். வாய் மட்டும் ஊர் அளவு.

"என்ன மூஞ்சி இது, வேக வெச்ச நண்டு மாதிரி! குடையப் பிடிச்சிட்டு வந்தியா, இல்ல கக்கத்துல வெச்சிட்டு வந்தியா? உக்காரு மொதல்ல."

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நேற்று தக்காளி வெட்டிக் கொடுத்தாள். நம் ஊரில் உப்புத் தொட்டுச் சாப்பிடுவோம். இவர்கள் கெட்டியான சோயா விழுதில் இஞ்சியைத் துருவிப் போட்டு, சர்க்கரையும் அதிமதுரப் பொடியும் கலந்து அதில் தோய்த்துத் தின்கிறார்கள். முதல் தடவை சாப்பிட்டபோது செய்ஜி முகத்தைச் சுளித்தார். பிறகு கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் எதுவும் வேண்டாம் என்றவர் இதை மட்டும் கேட்டார். சியுலான் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அங்கிருந்து மீன் சந்தையைத் தாண்டிப் படகுத்துறை. படகு என்றால் சின்னதாக நினைக்காதே. கீழ்த்தட்டில் ஸ்கூட்டர்கள் உறுமிக்கொண்டே ஏறும், மேல்தட்டில் நாங்கள். கரையை விட்டு நகர்ந்ததும் காற்று வரும் பார் அக்கா! அதுவரை வியர்வையில் சிடுசிடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். மாணவன், மீன்காரி, வங்கி அதிகாரி எல்லாருக்கும் அப்போது ஒரே முகம்தான். நேற்று எங்களுக்காக ஒரு பெரிய சரக்குக் கப்பல் ஒதுங்கி நின்றது. உண்மையில் நாங்கள்தான் அதற்காக நின்றோம், எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளப் பிடிக்கும்.

எதிர்க்கரை சிஜின் தீவு. இறங்கினதும் மாட்சு அம்மாவின் கோயில். கடலுக்குப் போகிறவர்களைக் காக்கிற தாயார். முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து சாமிக்கு எரிக்கிற தங்கத்தாளை மடித்துக்கொண்டு மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, கணவாய் மீன் சுடுகிற கடைகளைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவேன். இங்கே மணல் கறுப்பு. கடல் பச்சை. அந்தக் கறுப்பின் மேல் அலை நுரை வந்து விழுகிறபோது இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

நேற்று திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை சொல்லிவிட்டு வராது, ஒரு அண்டாவைக் கவிழ்த்த மாதிரி வரும். கையில் குடை இருந்தும் பிரயோஜனமில்லை. ஒரு மீன்வலைக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். உள்ளே நாலைந்து பேர் பூசணி விதை கொறித்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை வா என்று கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலால் தள்ளப்பட்டு என் பக்கம் நகர்ந்து வந்தது. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் விதைப் பொட்டலமும் என் பக்கம் வந்தது. மழை விட்டதும் எழுந்து வந்தேன். இதை நான் உனக்கு எப்படிப் புரியவைப்பது? நம் ஊரில் ஒதுங்க இடம் கேட்டால் தேநீர் வைத்து, வணங்கி, மறுநாள் நாம் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு நன்றி சொல்லப் போக வேண்டும். இங்கே நாற்காலி வந்தால் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும்போது குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். வண்டி போன பிறகும் யாரும் மேலே போகவில்லை, அவரவர் வீட்டுச் சண்டையைச் சொல்லி முடிக்க வேண்டாமா?

யாருக்காக இருக்கிறாய் என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன் அக்கா. யாருக்காகவும் இல்லை. இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது. அது ஒரு காரணமாகுமா என்று தெரியவில்லை. நீ தனியாக இருக்கிறாய் என்பது அதைவிடப் பெரிய காரணம், அது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வெயிலில் கறுத்துப்போன உன் தங்கை,
ஹருயோ


யோகோதே
அக்டோபர் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை யூதாகாவின் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் படகில் காற்று வருகிற இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

தோட்டத்தில் கடைசியாகக் கிடந்த தக்காளியை எடுத்து, சோயாவில் இஞ்சியும் சர்க்கரையும் போட்டுத் தோய்த்துத் தின்று பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. செய்ஜி முகத்தைச் சுளித்ததில் தப்பே இல்லை. ஆனால் மறுநாள் மறுபடி செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கு கேட்டது.

நாற்காலி விஷயம் எனக்குப் புரிந்தது. புரியாது என்று நீ நினைத்ததுதான் வருத்தம். நானும் ஆயுள் முழுக்க இந்த ஊரில் பிஸ்கட் பெட்டியோடு நன்றி சொல்லப் போய்க்கொண்டே இருந்தவள்தானே.

இருந்தாலும் அக்கா கேட்பதைக் கேட்டுத்தான் தீருவேன். நாற்காலி தருவார்கள், விதை தருவார்கள், சரி. உனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழுந்திருக்காவிட்டால் கஞ்சி வைத்துத் தர யார் இருக்கிறார்கள்? நீ கதவைத் திறக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? பழக்கடைக்காரி உன் கூடப் பிறந்தவளா?

இன்று காலை முதல் உறைபனி விழுந்தது. தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதைக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டு, பிறகு ஊறப்போட வேண்டும். நீ சின்ன வயதில் புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுவாய். நான் உன் பங்கு விறகுக் கட்டையையும் சேர்த்து அடுக்குவேன்.

இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஹருயோ. குளிரைப் பார்த்து இல்லை, குளிர் பழகிவிட்டது. பனி கூரையில் ஏறி ஏறி, ஒரு நேரத்தில் மொத்தமாகச் சரிந்து விழும் பார், வீடே அதிரும். சின்னப் பிள்ளையில் நீயும் நானும் போர்வைக்குள் கையைப் பிடித்துக்கொள்வோம். இப்போது அது விழுந்ததும் நான் வாய்விட்டு, "ஒண்ணுமில்ல, பனிதான்" என்று சொல்கிறேன். யாருக்குச் சொல்கிறேன்? வீட்டில் யாருமில்லை. போன குளிர்காலம் முழுக்க இப்படித் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வருகிறாயா இல்லையா என்று மட்டும் எழுது. இல்லை என்றால் யூதாகாவிடம் சொல்லிவிடுகிறேன். கோபப்பட மாட்டேன். கொஞ்சம் கோபப்படுவேன்.

உன் பாயை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கும் அக்கா,
நோபுகோ


காவ்சியுங்
அக்டோபர் 19

என் அக்காவுக்கு,

நான் வருகிறேன்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். நவம்பர் கடைசி வாரம் விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், புறப்படுவதற்கு முன் சாவியைக் கொடுத்துவிடுவேன். என் அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் தானாகவே வந்தது. உன் கடிதம் கிடைத்த மறுநாள் எனக்குச் சளிக் காய்ச்சல். இரண்டு மத்தியானம் நடக்கப் போகவில்லை. இரண்டாம் நாள் யாரோ கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். திறந்தால் சியுலான், கையில் மீன் கஞ்சி, மூச்சு வாங்க நிற்கிறாள்.

"செத்துகித்துப் போயிட்டியோன்னு பாக்க வந்தேன். உயிரோட இருக்கியா? இருக்கறவ கீழ வந்து சொல்ல வேண்டாமா? அந்த ஹோங்கு நேத்திலேர்ந்து என் உயிர எடுக்கறான், ‘ஜப்பான் அக்கா வரல, ஜப்பான் அக்கா வரல’ன்னு. ஆட்டத்துல கவனமே இல்ல அவனுக்கு. தோக்கறதுக்கு ஒரு சாக்கு கெடச்சிருச்சு."

கஞ்சியைக் குடிக்கும்வரை அவள் செய்ஜியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவருக்குப் பிறகு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அவள் கேட்காமலே உட்கார்ந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆகவே கஞ்சிக்கு ஆள் இருக்கிறது அக்கா. ஆனால் உனக்கு "பனிதான்" என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஒரு வரியைப் படித்த பிறகு நான் என்ன செய்ய முடியும்? காய்ச்சல் விட்டதும் போய்ச் சீட்டு எடுத்தேன்.

இங்கே ஒரு வழக்கம். ஊரை விட்டுப் போகிறவர்கள் மாட்சு அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். சொல்லாமல் போவது சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்து போவது மாதிரி. கேட்பதற்கு இரண்டு சிவப்புப் பிறைக் கட்டைகள் உண்டு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. கேள்வியைச் சொல்லிக் கீழே போட்டால், ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன். இரண்டும் மல்லாந்தால் அம்மா சிரிக்கிறாள், நீ சொல்வது எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். பெரிய விஷயமென்றால் சம்மதம் தொடர்ந்து மூன்று தடவை விழ வேண்டும்.

சியுலான் மத்தியானம் கடையை மூடிவிட்டு என்னோடு வந்தாள். அவள் கடையை மூடி நான் பார்த்ததே இல்லை. கோயிலில் மண்டியிட்டு, முறைப்படி பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் சொன்னேன். "என் அக்காவோடு இருக்கப் போகிறேன், சம்மதமா?" என்று கேட்டுக் கட்டையைப் போட்டேன். இரண்டும் மல்லாந்தன. மறுபடி போட்டேன். மறுபடி சிரிப்பு. மூன்றாவது தடவையும் சிரிப்பு. முற்றத்தில் தங்கத்தாள் மடிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"பேரு ஒழுங்காச் சொன்னியா?" என்றாள் ஒருத்தி.

"சொன்னேன்."

"பொறந்த தேதி?"

"அதுவும் சொன்னேன்."

"வெலாசம்?"

"சொன்னேனே. யோகோதே, ஆற்றுப்பாலத் தெரு, நாற்பத்திரண்டு…"

சியுலான் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பைத்தியமே! இவ்ளோ நாள் இங்க குடியிருந்துட்டு அந்த வெலாசத்த யாரு சொல்லச் சொன்னா? அம்மா அங்க போயித் தேடிட்டு, ஆளக் காணோம்னு திரும்பி வந்து சிரிக்கறா!"

"மூணு தடவ போயிட்டு வந்திருக்கா, பாவம்" என்றாள் இன்னொருத்தி. "பனியில காலு வெறச்சிருக்கும். நீ குடியிருக்கற எடத்தச் சொல்லும்மா."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கதவு எண்ணைச் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் யோசித்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இந்தத் தடவை, "யென்செங், துணிச் சந்தைக்குப் பின் சந்து, பதினேழாம் எண், மூன்றாவது மாடி" என்று ஒரே மூச்சில் வந்துவிட்டது. போட்டேன். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. மறுபடி அதே. மூன்றாவதும் அதே. சம்மதம்.

பெண்கள் எல்லாரும் "ஆ!" என்று கையைத் தட்டினார்கள். பிறகு என்ன சம்மதம் என்று நினைவு வந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சியுலான் நேராக அம்மாவைப் பார்த்து, "உனக்கு நான் எத்தன வருஷமாப் பழம் குடுக்கறேன்? இப்படியா பதில் சொல்லுவ?" என்று சண்டை போட்டாள். நான் கும்பிட்டு, நம் வீட்டு வாசலில் சொல்வதைப்போல, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது சியுலான் மேல்தட்டுக்கு வரவில்லை. கீழே ஸ்கூட்டர் புகையில் நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கரை வரும்போது, "அங்க பப்பாளி கெடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்காது என்றேன். "அப்ப அந்த ஊர்ல மனுஷன் எப்படி இருப்பான்?" என்றாள்.

அக்கா, நான் வருத்தத்தோடு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனசோடுதான் வருகிறேன். முள்ளங்கிக்குப் புகை போடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. இந்தத் தடவை என் பங்குக் கட்டையை நானே அடுக்குகிறேன்.

உன்னிடம் வந்துகொண்டிருக்கும் தங்கை,
ஹருயோ


யோகோதே
அக்டோபர் 29

என் அசட்டுத் தங்கைக்கு,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. உடனே உட்கார்ந்து எழுதுகிறேன், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அது தீய்ந்தால் உன் கணக்கு.

"நான் வருகிறேன்" என்ற வரியைப் பார்த்ததும் எழுந்து போய் உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பா அம்மா படத்துக்கு முன்னால் மணி அடித்துச் சொன்னேன். அதன் பிறகுதான் மீதியைப் படித்தேன். மீதியைப் படித்திருக்கவே கூடாது.

ஆற்றுப்பாலத் தெரு, நாற்பத்திரண்டு! அடி ஹருயோ, நகராட்சி கதவு எண்ணையெல்லாம் மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. உறையின் பின்னால் நான் புது எண்ணைத்தான் எழுதுகிறேன். நீ அதைப் பார்த்து அப்படியே உறையில் எழுதி அனுப்புகிறாய், மனசில் ஏறவே இல்லை. நாற்பத்திரண்டில் இப்போது சவரக்கடை இருக்கிறது. பாவம் உங்கள் கடலம்மா, மூன்று தடவை சவரக்கடைக்குள் போய் உன்னைத் தேடியிருக்கிறாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. இங்கே நான் வருடம் பூராவும் ஒரு அறையைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அந்த அறைக்காரிக்கு அந்த வீட்டு எண் தெரியவில்லை. இதில் உன் தப்பு ஒன்றுமில்லை. நீ குடியிருக்கிற இடம் உன் வாயில் ஒரே மூச்சில் வந்தது, நீயே எழுதியிருக்கிறாய். நான் யோகோதே விலாசத்தை அப்படித்தான் சொல்வேன். மனுஷிக்கு வீடு எதுவென்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. சாமிக்கும் தெரிந்தது. எனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், முன்னே சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இப்போது அக்கா சொல்வதைக் கேள். சியுலான் பாவம், சாமியோடு சண்டை போட்டது வீண். அந்தச் சம்மதம் யாருக்குக் கிடைத்தது? யென்செங் சந்து, மூன்றாவது மாடியில் குடியிருக்கிற பெண்ணுக்கு. அவள் அக்கா வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள், போ என்று அம்மா சொன்னாள். வீட்டுக்காரி வெளியே போனால் திரும்பி வருவாள். நீயும் போயிட்டு வரேன் என்றுதானே சொல்லிவிட்டு வந்தாய்? சாமியிடம் சொன்ன பேச்சை மாற்றுகிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை.

எடுத்த சீட்டை வீணாக்காமல் நவம்பரில் வா. முள்ளங்கி காத்திருக்கும். டிசம்பர் முழுக்க இரு. ஜனவரியில், பனி கூரை மேல் ஏறுகிற நேரத்தில், நான் உன்னோடு அங்கே வருகிறேன். பனி உருகுகிற வரைக்கும் இருப்பேன். வருடா வருடம் இப்படியே செய்வோம், இடுப்பு ஒத்துழைக்கிற வரை.

கூரையை யார் பார்ப்பது என்று கேட்பாய். உன் அறையை யூதாகாவுக்குக் கொடுத்துவிட்டேன். குழம்பை இறக்கும்போதே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், கடிதத்தை முடிப்பதற்குள் மனசு மாறிவிடக் கூடாதே. பனியை அவன் அள்ளுவான். சரிந்து விழுந்தால் "பனிதான்" என்று அவன் மனைவியிடம் சொல்லிக்கொள்வேன், அவளும் கொஞ்சம் பயந்தவள்தான். நாளைக்கே சாமான் வருகிறது. ஆகையால் நவம்பரில் நீ வரும்போது உனக்கென்று இங்கே அறை கிடையாது. விருந்தாளிதான். என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள், சின்ன வயதில் படுத்த மாதிரி.

வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கு. பழக்கடையில் இன்னொரு நாற்காலி போடச் சொல், தக்காளிக்கு நான் தயார். உங்கள் மாட்சு அம்மாவிடமும் எனக்கு ஒரு காரியம் இருக்கிறது. என் தங்கையை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டதற்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும். ஒரு பெட்டி பிஸ்கட்டோடுதான் வருவேன், எனக்கு அப்படித்தான் தெரியும். என் விலாசத்தை நான் சரியாகச் சொல்வேன்.

வெயிலுக்கு ஒரு குடை வாங்கி வைக்கச் சொல்லும் அக்கா,
நோபுகோ